மரங்கொத்தி மாமா கடித்த வாத்து

கரையானைக் கணக்கில் சேர்க்காவிட்டால், திருவனந்தபுரத்திலேயே அதிகமான மரத்தை வாயில் போட்டுக் கடித்த ஜீவன் எங்கள் வலியசாலை மரங்கொத்தி மாமாதான். பலா, குமிழ், தேக்கு, மா என்று எந்தத் துண்டை நீட்டினாலும் கண்ணை மூடிக்கொண்டு கடித்து, இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். மாமரமாக இருந்தால் யார் வீட்டு மாமரம் என்பதையும் சொல்வார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் நம்புகிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. மரங்கொத்திக்குத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பேர் என்பதால், பட்டப்பேர் மொழித் தகராறு இல்லாமல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அக்ரஹாரத்துக்குள் மரங்கொத்தி மாமா, முக்கு திரும்பினால் மரங்கொத்திச் சாமி, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். தம்பானூரில் ஒரு லாட்ஜில் மானேஜர் வேலை. மிச்ச நேரமெல்லாம் கைக்குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்வார். கிலுகிலுப்பை, வாத்து, யானை, உருட்டு வண்டி என்று எல்லாமே மரப்பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளில் உருவானவை. ஆணி கிடையாது, பெயின்ட் கிடையாது. மஞ்சளும் பீட்ரூட்டும்தான் சாயம், தேங்காயெண்ணெய்தான் பாலிஷ். தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் பதினோராம் நாள் புண்யாகவாசனத்தன்று சாஸ்திரிகளுக்கு முன்னால் இவர் ஒரு கிலுகிலுப்பையோடு வந்து உட்கார்ந்திருப்பார்.

நல்ல மனுஷன்தானே, இதில் என்ன கிறுக்கு என்று கேட்பீர்கள். கடிப்பதுதான் கிறுக்கு.

"கொழந்தை எதை எடுத்தாலும் வாயிலதானே போடும்? அப்போ முதல்ல நம்ம வாயில போட்டுப் பாக்க வேண்டாமோ? இதுல என்ன சிரிப்பு?" என்பார். செய்து முடித்த ஒவ்வொரு சாமானும் ஒரு வாரம் அவர் வாயில் இருக்கும். நாக்கில் சிலாம்பு ஏறுகிறதா, சாயம் கசக்கிறதா, மூலை குத்துகிறதா என்று கடைவாய், முன்பல், ஈறு எல்லாவற்றையும் வைத்துச் சோதிப்பார். தேறினால் வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பல் தடம் வெந்நீரில் போகுமா? வலியசாலையில் எந்தக் குழந்தையின் பொம்மையைத் திருப்பினாலும் மாமாவின் மேல்வரிசைப் பல் நான்கும் முத்திரை குத்தியது போல் இருக்கும்.

லாட்ஜிலும் இதே கதைதான். ஒரு தடவை புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று கௌன்டரில் வந்து, பொன்முடி மலைக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருக்கிறது. மாமா வாயில் யானை. எடுத்தால் சோதனை கெட்டுவிடும். விரலைக் காட்டியிருக்கிறார், அவர்களுக்குப் புரியவில்லை. யானையின் தும்பிக்கையால் கடிகாரத்தைச் சுட்டிக் காட்டியிருக்கிறார், அந்தப் பெண் புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட்டாள். கடைசியில் அவர்கள் அறையைக் காலி செய்கிற அன்றைக்கு மாமா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கிலுகிலுப்பையை எடுத்துக் கொடுத்தாராம். "வச்சுக்கோங்கோ. அடுத்த வருஷம் வேண்டியிருக்கும்."

பிளாஸ்டிக் பொம்மையைக் கண்டால் தேளைக் கண்டதுபோல் துள்ளுவார். "இது பெட்ரோலாக்கும், கேட்டேளா? வாசல்ல ஸ்கூட்டருக்கு ஊத்தறதை உள்ளே கொழந்தை வாயில குடுப்பாளா யாராவது?" என்று அடுக்களை வரைக்கும் வந்து சண்டை போடுவார். பிரசவித்த பெண்களெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் பிளாஸ்டிக் சாமான்களை அரிசிப் பானைக்குள் ஒளித்தார்கள்.

ஒருநாள் மூன்றாவது வீட்டுக் குழந்தை அப்போதுதான் அவரே கையில் திணித்த சிவப்புப் பசுவைச் சப்பிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் ரத்தச் சிவப்பு. அம்மாக்காரி அலறியடித்துக்கொண்டு குழந்தையோடு ஆட்டோவில் ஏறிவிட்டாள். மாமா பசுவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பக்கத்திலேயே ஓடினார். நடுநடுவே பசுவை நக்கி, தன் நாக்கை வெளியே நீட்டிக் காட்டி, "பீட்ரூட்டாக்கும்! பீட்ரூட்டாக்கும்!" என்று கத்தினார். ஆட்டோக்காரனோ, "சாமீ, மாறி நில்லு!" என்று ஹாரனை அடித்தபடி இன்னும் வேகமாக ஓட்டினான். அன்றைக்கு அவரைப் பார்த்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

கொடுத்ததோடு விடுவாரா? மாதத்துக்கு ஒருதரம் வீடு வீடாக வந்து பொம்மையைக் கேட்டு வாங்கி, வேஷ்டித் தலைப்பில் துடைத்து, இன்னொரு தடவை கடித்துப் பார்த்துவிட்டுத் தருவார். இதற்கு அவர் வைத்த பேர் சர்வீஸ். எல்லாரும் அவசர அவசரமாகப் பரணில் ஏறி பொம்மையைத் தேடுவோம். ஆமாம், பரணில்தான். மாமாவின் மனசு நோகக் கூடாதென்று வாங்கி வைத்துக்கொள்வோமே தவிர, அந்தப் பல் தடத்தைப் பார்த்த பிறகு எந்தத் தாய் அதைக் குழந்தை கையில் கொடுப்பாள்? எங்கள் வீட்டிலும் என் பெண் அம்முவுக்கு வந்த கிலுகிலுப்பையும் யானையும் பரணில்தான் இருந்தன. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்முவுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. அதற்கு முதல் நாள் என் மச்சினன் ரமேஷ் ஷார்ஜாவிலிருந்து வந்திறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் நாய்க்குட்டி. பித்தானை அமுக்கினால் குரைக்கும், கண்ணில் சிவப்பு விளக்கு எரியும், குட்டிக்கரணம் போடும். தெருவே வாசலில் கூடி வேடிக்கை பார்த்தது. மாமாவும் பார்த்தார்.

"பெட்ரோல் நாய்," என்றார்.

ரமேஷுக்குச் சுருக்கென்றது. "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க உண்டாக்கற சாமானை எந்தக் கொழந்தையாவது தானா எடுத்து நீங்க பாத்திருக்கேளா? யாரும் எடுத்துக் குடுக்காம?"

அதற்குப் பதில் எங்கள் பரணில் இருந்தது. மாமா நாயைச் சுட்டிக் காட்டிச் சொன்னார்: "நாளைக்குப் பிறந்தநாள் ஹோமம் ஆனதும் கொழந்தை எதை எடுக்கறதுன்னு பாக்க அது முன்னாடி புஸ்தகம், பேனா, காப்பெல்லாம் பரத்தி வெப்பேளே, அப்போ இந்த நாயையும் வெய்யுங்கோ. நான் ஒரு வாத்து தரேன். அம்மு வாத்தை எடுக்கலைன்னா, பின்னே நான் உளியைத் தொடமாட்டேன்."

மறுநாள் காலையில் வந்தார். பளபளவென்று க்ஷவரம், சலவை வேஷ்டி, நெற்றி நிறைய விபூதி. பெண்ணுக்கு வரன் பார்க்க வந்தவர் போல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, வாத்தை என்னிடம் நீட்டினார். "நீயே கொண்டு வை, மணி. நான் வெச்சா நியாயமில்லே." ஐயோ, அந்தக் கிறுக்கு மனுஷன் வாத்தை விட மனசில்லாமல் இன்னொருதரம் வேஷ்டியில் துடைத்துக் கொடுத்தார்.

நான் வாத்தோடு நேரே அடுக்களைக்குப் போனேன். பிரதமன் பாயசத்துக்கு வெல்லப்பாகு காய்ந்துகொண்டிருந்தது. வாத்தின் அலகைப் பாகில் முக்கி, ஆறவைத்து, கொல்லைப்புறத்தில் அம்முவின் வாயில் இரண்டு தடவை வைத்தேன். மூன்றாவது தடவை அவளே கையை நீட்டினாள். மோசடிதான். ஆனால் மனப்பூர்வமாகச் செய்தேன்.

ஹோமம் முடிந்தது. எல்லாவற்றையும் பரப்பி வைத்தோம். ரமேஷ் மிடுக்காக நாயின் பித்தானை அமுக்கினான். நாய் குரைக்கவில்லை. தட்டினான், உலுக்கினான், தலைகீழாகக் கவிழ்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குள் அம்மு புஸ்தகத்தைத் தாண்டி, காப்பைத் தாண்டி, நேரே வாத்தின் மேல் பாய்ந்து அலகை வாயில் வைத்துக்கொண்டாள். கூடம் கைதட்டியது. மாமா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். ரமேஷ் மட்டும் நாயின் வயிற்றைத் திறந்து, "பாட்டரி செல் எங்கேடா போச்சு?" என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

நான் என் மனைவி மீனாவைப் பார்த்தேன். அவள் விட்டத்தைப் பார்த்தாள். நான்கு செல்லும் அரிசிப் பானைக்குள் இருந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டாள். எங்கள் தாம்பத்தியத்தில் பேசி வைக்காமலே இரண்டு பேரும் ஒத்துப்போன காரியம் அது ஒன்றுதான்.

சாப்பாடு முடிந்து மாமா கிளம்பினார். கிளம்புகிறவர் சும்மா போகக் கூடாதா? பழக்கதோஷம். "கொண்டா, ஒரு சர்வீஸ் பாத்துடறேன்," என்று வாத்தை வாங்கி, வேஷ்டியில் துடைத்து, கடித்தார்.

எந்த வீட்டு மாமரம் என்று சொல்கிற நாக்கு அல்லவா அது? மாமா ஒருதரம் சப்புக் கொட்டினார். அரிசிப் பானையைத் துழாவிக்கொண்டிருந்த மீனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாகு கொஞ்சம் முத்திப் போயிடுத்து. ஏலக்காயும் சேரலை," என்றார். வாத்தை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து எதிர்வீட்டில் உளிச் சத்தம் இல்லை. நான்காம் நாள் மாமி வந்து மீனாவிடம் அழாத குறையாகச் சொன்னாள்: "ஒரு மரமும் கடிக்கலைடீ. சாதம் மட்டும்தான் திங்கறார். எனக்கு பயமா இருக்கு." நாங்கள் அவருக்கு நல்லது செய்யப் போய் அவர் வாயிலேயே மண்ணைப் போட்டுவிட்டோம். நானும் மீனாவும் ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட்டுக்கொண்டு சண்டை பிடித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தார். மடியிலிருந்து வாத்தை எடுத்தார். மேலெல்லாம் சீவி, மூன்று தடவை கொதிக்க வைத்து, வாலில் புதுசாக ஒரே ஒரு கடி கடித்திருந்தார். இன்னொரு மடிப்பிலிருந்து நான்கு செல்லை எடுத்துத் தரையில் வைத்தார்.

"ரமேஷோட நாய்க்கு இதைப் போடு. டார்ச்சுலேர்ந்து எடுத்துண்டு வந்தேன். ஒழுங்கா இன்னொருதரம் பாத்துடலாம். பாகும் கீகும் வேண்டாம்."

நாயையும் வாத்தையும் வைத்துவிட்டு நகர்ந்தோம். நாய் கண்ணை உருட்டிக் குரைத்தது, குட்டிக்கரணம் போட்டது. அம்மு கெக்கெக்கே என்று சிரித்தபடி நேரே நாயிடம் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா குனியவில்லை.

அம்மு நாயைப் பிடித்தாள். அதன் காதை வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள், துப்பினாள். அப்போது அவளுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிற சமயம், ஈறெல்லாம் தடித்து, எதைக் கண்டாலும் கடிக்கிற வெறி. நாயைத் தள்ளிவிட்டுத் தவழ்ந்து வந்து வாத்தை எடுத்தாள். அலகை வாயில் வைத்தாள். ஒரு கணம் நின்றாள். வெல்லம் இல்லை.

அவள் வாத்தைக் கீழே போடவில்லை. திருப்பி, மாமாவின் பல் தடம் இருக்கிற வழுவழுப்பான இடமாகப் பார்த்து, ஈறை அழுத்திக் கடித்துக்கொண்டு, கண் சொருகி உட்கார்ந்துவிட்டாள்.

"தானா எடுத்தா," என்றார் மாமா. "நீ பாத்தியோ? தானா எடுத்தா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் இடுப்பில் செருகியிருந்த ஒரு பலாத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேச முடியாதவராக வீட்டுக்குப் போனார். அன்று மத்தியானமே உளிச் சத்தம் கேட்டது. நானும் பரணில் ஏறிக் கிலுகிலுப்பையையும் யானையையும் இறக்கினேன்.

மாமா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அம்முவுக்குப் போன மாதம் பெங்களூரில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "அப்பா, அந்த வாத்தை அனுப்பேன்," என்று போனில் கேட்டாள். தேடி எடுத்தேன். வாலில் பெரிய பல் தடம், அதற்குப் பக்கத்தில் அம்முவின் குட்டித் தடம்.

பார்சல் கட்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். சர்வீஸ் செய்ய இப்போது வேறு யார் இருக்கிறார்கள்? வேஷ்டித் தலைப்பில் துடைத்து நானே ஒரு கடி கடித்துவிட்டுத்தான் அனுப்பினேன், மாமா.