முருகம்மாள் விழுந்த பாத்ரூம்

முருகம்மாளின் தலையை அவள் புருஷன் சிவகுருநாதன் சுவரில் மோதியது தாராவியில் நடந்த ஒரு சாதாரணக் குடும்ப நிகழ்ச்சி. காரணம், சாம்பாரில் உப்பு இல்லை. அவள் உப்புப் போட மறந்ததற்குக் காரணம், போன மாசம் மோதியது.

இந்தத் தடவை வாந்தி நிற்கவில்லை. விளக்கைப் பார்த்தால் கண் கூசியது. பக்கத்து வீட்டு பிரபாவதியின் பேர்கூட மறந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் மாட்டுங்காத் தமிழர்.

"எப்படிம்மா அடிபட்டது?"

"எங்க வீட்டுக்காரரு சொவத்துல மோதிட்டாரு."

டாக்டர் கம்ப்யூட்டரில் இருந்த காரணப் பட்டியலில் தேடினார். மாடிப்படி இருந்தது, ரயில் இருந்தது, பாத்ரூம் இருந்தது. புருஷன் இல்லை.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா போட்டுடறேன்."

"எங்க வீட்டுல பாத்ரூமே கெடையாதே டாக்டர்!"

"கம்ப்யூட்டர்ல இருக்கேம்மா."

அரசுத் துறைகள் ஒன்றோடொன்று கைகோத்து மக்கள் நலம் பேணும் பொற்காலம் இது. அடுத்த வாரமே கட்டட அதிகாரி ஒருவர் ஆஸ்பத்திரிப் பதிவின் நகலோடும் கடப்பாரை ஆட்களோடும் சந்துக்குள் வந்து நின்றார்.

"அனுமதி இல்லாம பாத்ரூம் கட்டியிருக்கீங்க. இடிக்கணும். இங்கே இல்லைன்னா வரிசையா எல்லா வீட்டிலும் தேடணும்."

சந்து நடுங்கியது. அங்கே ஒவ்வொரு வீட்டின் தலையிலும் அனுமதி இல்லாத மாடி ஒன்று உட்கார்ந்திருந்தது.

சிவகுருநாதன் கையெடுத்துக் கும்பிட்டான். "சாப், சத்தியமா பாத்ரூம் இல்ல! நான்தான் அவளை அடிச்சேன்!"

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. சாட்சி?"

"நான் இருக்கேன்!" என்று பாய்ந்து வந்தாள் பிரபாவதி. "அவன் மோதின மோதுல எங்க வீட்டு அலமாரி டப்பாவெல்லாம் உருண்டுச்சு!"

"மூணு வருசமா அடிக்கான் சாப்!" என்றார் எதிர்வீட்டு ஜமால்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அடி மட்டும்தானா? அது குடும்ப விஷயம். முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று திரும்பிப் போனார்.

ஜமால் சிவகுருநாதனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உண்மையை ஒத்துக்கிடுததுக்கும் ஒரு தைரியம் வேணும்லா!"

முருகம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்றுதான் மூன்று வருஷமாக நினைத்திருந்தாள்.

"அக்கா, அண்ணே, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து இதையே சொல்லுங்க."

"அடுப்புல பால் கெடக்கு" என்றாள் பிரபாவதி.

"எனக்குச் சரியாக் கேக்கலம்மா" என்றார் ஜமால்.

"சரி. அப்ப நான் பாத்ரூம்லதான் விழுந்தேன். யாரு வீட்டு பாத்ரூம்னுதான் மறந்துபோச்சு. அந்த அதிகாரியே ஒவ்வொரு வீடா ஏறித் தேடிக்கிடட்டும்."

செருப்புக்கூடத் தேடாமல் சந்து மொத்தமும் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. சிவகுருநாதனை நடுவில் விட்டு இழுத்துப் போனார்கள். யார் வீட்டில் சத்தம் அதிகமாகக் கேட்டது என்று வழியெல்லாம் ஒரே போட்டி.

பெண்டாட்டியை அடிப்பது மாபெரும் குற்றம் என்று அந்தச் சந்து ஒருமனதாகக் கண்டுபிடித்தது அன்றைக்குத்தான்.