உங்கள் தங்கைக்கு வந்திருக்கும் பதவி குறித்து

அன்புள்ள மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன், நம்பிவிடாதீர்கள். வீட்டில் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

விஷயத்துக்கு வருகிறேன். பெண்களின் உரிமைக்காக நிதி கொடுக்கும் அறக்கட்டளையில் இத்தனை காலம் மல்லுக்கட்டிய உங்கள் தங்கையை, பல நாடுகளில் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் ஓர் அமைப்பு தலைவியாக வரச் சொல்லியிருக்கிறது. கடல் தாண்டிப் போக வேண்டுமாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் என் சொல் அம்பலம் ஏறாது. நீங்கள்தான் "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஏன் ஏறாது என்று கேளுங்கள். போன வாரம் அந்த அமைப்பின் பெரியவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நானும் இஸ்திரி போட்ட சட்டையோடு, பரிமாறிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஒரு டாக்டரம்மா, "நீங்க வீட்ல இவங்களுக்கு ரொம்ப ஆதரவோ?" என்று கேட்டுத் தொலைத்தார். "அந்தக் காலத்துலேயே இவளை வேலைக்குப் போக விட்டதே நான்தாங்க!" என்றேன். கரண்டிச் சத்தம் நின்றது. "விட்டீங்களா?" என்றார். காது மந்தம் போல என்று நினைத்து, "ஆமா, முழு மனசோட விட்டேன்!" என்று உரக்கச் சொன்னேன். உங்கள் தங்கை தண்ணீர் குடித்தாள், குடித்தாள், டம்ளர் காலியான பிறகும் குடித்தாள். டாக்டரம்மாவோ, பெண் சமத்துவம் பற்றி ஆண்களுக்கு அவர்கள் நடத்தும் பயிற்சி வகுப்பில் வந்து இதையே சொல்ல முடியுமா என்று கேட்டார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய், மேடையேறி, ஒரு எழுத்து மாறாமல் சொன்னேன். பயிற்சி கொடுப்பவர் கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? காலையில இருந்து இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்!" என்றார். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் என் தோளைத் தட்டி, "மனசுல வச்சிக்காதீங்க சார், போன தடவை நான்தான் உதாரணம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பும் கூடவே கப்பல் ஏறிவிட்டால் நான் என்ன செய்வேன்? அவள் வெளியூர் போகிற நாட்களில் மின்விசிறிச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத் துணை. பயமாக இருக்கிறது மச்சான், அவ்வளவுதான்.

அக்காவுக்கு வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சண்டை வராமல் பிரித்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்களை விட்டால் புகார் சொல்ல நாதியில்லாத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உங்கள் தங்கை வந்து, "வேண்டாம்னு சொல்லிடப் போறேங்க. நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! "அங்க ஆஸ்பத்திரி இல்லாம, பிள்ளை பெக்கப் போன எத்தனையோ பொண்ணுங்க உசிரோட திரும்பல, உனக்கு நான் பெரிசாப் போயிட்டேனா?" என்று கத்திவிட்டேன். அசையமாட்டேன் என்கிறாள். நான் பெட்டியில் அடுக்குகிற புடவைகளை எல்லாம் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். எனவே மேலே கண்டதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, உடனே புறப்பட்டு வந்து அவளைப் போகச் சொல்லவும். நானும் தைரியமாகத்தான் ஆரம்பிக்கிறேன். "போயிட்டு வா" என்பதற்குள் என் கண் மின்விசிறிப் பக்கம் போய்விடுகிறது, அவள் கண்டுபிடித்துவிடுகிறாள்.