தலையில்லாத பொம்மைக்கு அறுபது சதவீதம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை அனைவரும் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் கோபமும் ஒருவாறு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் பனியனைத் தலைக்கு மேல் இழுக்கும்போதெல்லாம் அங்கே வந்திருக்கும் பேத்தி ஏன் வீறிட்டு அழுகிறாள் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் சம்பந்தியம்மாள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார் என்பதால் கூரியரில் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை. குழந்தை சுங்கத் துறையில் சாட்சி சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

என் மகள் வேலையை விட்டுவிட்டு ரெடிமேட் கடை வைக்கிறேன் என்றபோது நம் இரண்டு வீட்டிலும் சாப்பிடாமல் படுத்தவர்கள் உண்டு, நானும் படுத்தேன், ஆனால் அந்தக் கடையின் கண்ணாடி முகப்பைப் பார்த்த அன்றே எழுந்துவிட்டேன். முகப்பில் நிறுத்த வெளிநாட்டிலிருந்து பொம்மை வரவழைத்தாள், எல்லாம் தலையில்லாதவை, "தலை இருந்தா ஜனங்க மூஞ்சியப் பார்ப்பாங்கப்பா, சட்டையப் பார்க்க மாட்டாங்க" என்றாள். துறைமுகத்தில் வரி கட்டிச் சரக்கை எடுக்க ஏஜென்ட் வைக்கச் சொன்னீர்கள், வைக்காவிட்டால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்றும் சொன்னீர்கள். முப்பது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு ஒரு படிவம் நிரப்பத் தெரியாதா என்று நானே போனேன். பொருளின் பெயர் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் 'பொம்மை' என்று எழுதினேன். அங்கேதான் பிடித்தது சனி.

உள்நாட்டுப் பொம்மைக்காரர்களைக் காப்பாற்ற விளையாட்டுப் பொம்மைக்கு வரியை அறுபது சதவீதமாக ஏற்றி அப்போதுதான் அறிவிப்பு வந்திருக்கிறது. கடைச் சாமானுக்கு ஐந்துதான். அறுபது கட்டினால் பொம்மை இருக்கும், அதற்குப் போட உடுப்பு இருக்காது, கடையும் வெள்ளிக்கிழமை திறக்காது. நான் விடுவேனா? நேராகச் சுங்க அதிகாரியின் மேஜைக்குப் போய், "தம்பி, ஜவுளிக் கடையில இதை எல்லாரும் பொம்மைன்னுதான் சொல்லுவோம்" என்றேன்.

"ஜவுளிக் கடையில சொல்லுங்க சார். இங்க பொம்மைன்னா விளையாடறது."

"இதை வச்சு யாரு விளையாடுவா? தலையே இல்லையே."

"எங்க வீட்டுப் பிள்ளை தலை போன பொம்மையோடதான் தூங்குது" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே பேத்தியைத் தூக்கிக்கொண்டு துறைமுகக் கிடங்குக்குப் போனேன். அதிகாரி முன்னால் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே தலையில்லாமல் வரிசையாக நிற்பதைக் குழந்தை பார்த்தாள் பாருங்கள், ஒரு அலறல், கிரேன்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார், இவளோ என் தோளிலிருந்து தாவி அதிகாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். "சார், போதும், இது விளையாட்டுச் சாமான் இல்ல, இல்லவே இல்ல" என்று அவர் ஒரு கையாலேயே எழுதிக் கொடுத்தார். 'கண்ட குழந்தை அலறியது. எனவே கடைச் சாமான்.' எந்த ஏஜென்ட் இதைச் சாதித்திருப்பான்? திங்களன்று ஐந்து சதவீதத்தைக் கட்டிச் சரக்கை எடுக்கிறோம். "அப்பா, பயந்துட்டேம்ப்பா" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் உங்களோடு இருந்தால் குழந்தைக்கு எல்லாம் சரியாகிவிடும்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவளுக்கு என் முத்தமும். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வந்து முதல் சட்டையை நீங்கள்தான் வாங்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்தாள். இன்று மதியம் புது அறிவிப்பாம். பெற்றோர்கள் போட்ட கூச்சலில் விளையாட்டுப் பொம்மைக்கு வரியே கிடையாதாம். அதற்குப் பதில் கடைச் சாமானுக்கு அறுபதாம். கட்டுகிற நாளில் எது வரியோ அதுதான் கணக்கு. அதிகாரிக்குப் போன் போட்டேன். "இப்ப விளையாட்டுச் சாமான்னு சொல்றீங்களா? சரி சார், அதே குழந்தையைக் கூட்டிட்டு வாங்க. சிரிச்சு விளையாடினா மாத்தி எழுதறேன்" என்கிறார். மகள் காலி முகப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே திங்களுக்குள் குழந்தைக்குப் பயம் தெளிந்தாக வேண்டும். தலையில் துண்டு போட வேண்டிவரும் என்றீர்களே, உங்கள் வாக்கு பலித்துவிட்டது. தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து காலையும் மாலையும் முகம் தெரியாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குழந்தை எதிரில் அசையாமல் நில்லுங்கள். பழகிவிடுவாள். முழங்கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளலாம். உட்கார்ந்த பொம்மையும் இரண்டு வந்திருக்கிறது.