துவக்குகிற துவக்கு

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது புலவர்களுக்கு வசதியாக இருக்கலாம். எனக்கு அதனால் கிடைத்தது பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்த ஒரு முழுப் பின்னேரம். யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றால் சுடுகிற ஆயுதம். ஒன்றை ஆரம்பி என்று சொல்வதற்கும் துவக்கு என்றுதான் சொல்வோம். இத்தனை காலமும் இந்த இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமல் தங்கள் பாட்டில் இருந்தன. முட்ட வைத்த பெருமை என்னுடையது.

நான் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சிறிய பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் மெய்வல்லுநர் போட்டியில் ஓட்டங்களை ஆரம்பித்து வைத்தவை இரண்டு பலகைகள். பிள்ளைகள் கோட்டில் குனிந்து நிற்பார்கள், நான் பலகைகளைச் சடாரென்று அடிப்பேன், ஓடுவார்கள். கீர்த்தனா மட்டும் ஓடமாட்டாள். அவளுக்கு இரண்டு காதும் கேட்காது. வகுப்பில் காதுக்குப் பூட்டும் கருவியை, ஓடும்போது கழற்றி என்னிடம் தந்துவிடுவாள் (வியர்வை பட்டுப் பழுதானால் தாய் தோலை உரித்துவிடுவாள்). பக்கத்துப் பிள்ளையின் கால் அசைவதைக் கண்ட பிறகுதான் அவள் புறப்பட வேண்டும். பாடசாலையிலேயே வேகமான கால்கள் அவளுடையவை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் மற்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடி, யாரோ ஒருத்திக்குப் பின்னால் வந்து சேருவாள்.

சுவிஸில் இருக்கும் தம்பியிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் அங்கே ஓட்டப் போட்டிகளுக்கு நேரம் கணிக்கப் போகிறவன்.

"அக்கா, இஞ்சை அதுக்கெண்டே ஒரு பிஸ்டல் இருக்கு. குண்டுமில்லை, வெடிமருந்துமில்லை. பற்றரியிலை வேலை செய்யும். சத்தத்தோடை வெளிச்சமும் அடிக்கும். உங்கடை பிள்ளை வெளிச்சத்தைப் பாத்து ஓடலாம்" என்றான்.

மயிரிழையும் பிசகாத கருவியாம். கால் வைக்கிற கட்டைகளில் அதன் வயரைப் பொருத்திவிட்டால், வெடிக்கு முன் யாராவது காலை எடுத்தாலும் கருவி கீச்சிட்டுக் காட்டிக்கொடுக்குமாம். விலையைக் கேட்டதும் என் கணவர் சாப்பாட்டை விட்டு எழும்பிவிட்டார். அந்தக் காசுக்கு நல்லதொரு மோட்டார் சைக்கிள் எடுக்கலாம் என்பது அவருடைய வாதம். தம்பி அதற்கும் வழி சொன்னான். ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்து விடுவான். சரிவராவிட்டால் அவர் திரும்பும்போது அவரிடமே கொடுத்து அனுப்பலாம், கடைக்காரன் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வான். வைத்திருப்பதா, அனுப்புவதா என்பதை நான் ஆறுதலாகத் தீர்மானிக்கலாம் என்றான். நான் பெட்டியைக் காணுமுன்பே தீர்மானித்துவிட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் அச்சுவேலிக்கு, சுவிஸிலிருந்து வந்தவரின் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மூச்சுவிட இடமில்லாத பஸ். மடியில் பெட்டி, தலைக்கு மேலே பாட்டு. புத்தூர் தாண்டியதும் தம்பி போனில் கூப்பிட்டான். பாட்டுக்கு மேலால் கத்தினேன். (மைதானத்தில் கத்தி வளர்த்த குரல். ஒலிபெருக்கி பழுதான வருடங்களில் பாடசாலை என்னைத்தான் பாவித்தது.) அந்தச் சாரதிக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. கோயிலைக் கடக்கும்போது பாட்டை நிற்பாட்டிவிட்டு ஒரு கையால் கும்பிடுவார். அவர் கும்பிட்ட நேரம் பஸ் முழுவதும் கேட்டது இதுதான்:

"ஓம் தம்பி, துவக்கு கைக்கு வந்திட்டுது! மடியிலைதான் வைச்சிருக்கிறன்! பெடியள் எல்லாம் றெடி! நாளைக்குச் சீஃப் கெஸ்ட் வந்து கதிரையிலை இருந்த உடனை வெடிதான்!"

பாட்டு திரும்பப் போடப்படவில்லை.

(பெடியள் என்றால் பையன்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லும் ஒரு காலத்தில் போராளிகள் என்ற இன்னொரு பொருளோடு திரிந்தது. அதை அந்த பஸ்ஸில் ஒருவரும் மறந்திருக்கவில்லை.)

பக்கத்தில் இருந்த அம்மா முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் முழு இருக்கையும் எனக்குக் கிடைத்தது. முன்னால் இருந்த ஒரு வயதான ஐயா மெல்லத் திரும்பி, "பிள்ளை, நாங்கள் பட்டது காணும், இனி வேண்டாம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

"ஐயோ, இது சுடுகிற துவக்கில்லை ஐயா. துவக்கிற துவக்கு" என்றேன்.

அந்த விளக்கத்தோடு பின்கதவால் குதிக்கவும் சிலர் ஆயத்தமானார்கள். என்னுடைய இறக்கம் வந்தது, போனது. கொண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சாரதியின் காதில் ஏதோ சொன்னார். பஸ் நேரே பொலிஸ் நிலைய வாசலில் போய் நின்றது.

அங்கிருந்த பொறுப்பதிகாரி சிங்களவர், மரியாதையான மனிதர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் கதைப்பார். ஆனால் துவக்கு என்ற சொல் அவருக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிங்களத்திலும் அதற்குத் 'துவக்குவ' என்றுதான் பெயர். இரண்டு மொழிக்கும் பொதுவாக இருக்கிற சொற்களில் எனக்கு வாய்த்தது அது. ஆரம்பி என்ற மற்றப் பொருள் மட்டும் அவருடைய மொழியில் இல்லை.

"டீச்சர், பெட்டிக்குள்ள துவக்கு இருக்கா?"

"ஓம் சேர். ஆனால் அது துவக்கில்லை. துவக்கிறது."

"துவக்கு இருக்கு. துவக்கு இல்ல. டீச்சர் ஒண்டு சொல்லுங்க."

பெட்டியைத் திறந்தார். கறுப்புப் பஞ்சு மெத்தைக்குள் பளபளவென்று ஒரு பிஸ்டல் படுத்திருந்தது. சுவிஸ்காரன் அதற்கு ஒரு டோர்ச் லைட்டின் வடிவத்தையாவது கொடுத்திருக்கலாம். கூட வந்த விளக்கக் குறிப்பு முழுக்க ஜெர்மன் மொழி.

செய்தி எனக்கு முன்னே கோப்பாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விளையாட்டு ரீச்சரைத் துவக்கோடு பிடித்துவிட்டார்களாம் என்று கேள்விப்பட்டு, என் கணவர் சட்டையை மறுபக்கமாகப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். அதிகாரி அவரிடம் நல்ல விதமாகவே சொன்னார். பெட்டி இங்கே இருக்கட்டும், மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம், பதில் வந்ததும் அறிவிப்போம், டீச்சர் இப்போதே வீட்டுக்குப் போகலாம்.

"இஞ்சரும், உந்தப் பெட்டியை இஞ்சையே விட்டிட்டு வாரும்" என்றார் கணவர். "பலகை ரெண்டும் பள்ளிக்கூடத்திலை கிடக்குதுதானே?"

"மாட்டன்."

"உமக்கென்ன விசரே? உம்மைப் பிடிச்சு உள்ளுக்கு வைக்க முதல் போவம்."

"நாளைக்கு அந்தப் பிள்ளை ஓடவேணும். இது இஞ்சை இருந்தால் நானும் இஞ்சைதான் இருப்பன்."

சொல்லிவிட்டு வாங்கில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்துவிட்டேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை, எழும்பி ஓடிவிடக்கூடாது என்பதற்காகத்தான் சப்பாணி. தெருவால் போன, எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையசைத்தார். நானும் அசைத்தேன், வேறென்ன செய்வது?

பொழுது சாயத் தொடங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. "சேர், ஓட்டிக் காட்டுறன். ரெண்டு பேரைத் தாங்கோ" என்றேன். அதிகாரிக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்து அலுத்திருக்க வேண்டும். முற்றத்தில் இரண்டு கொன்ஸ்தாபிள்களைக் குனிந்து நிற்கச் சொன்னார். எதிர்ப்பக்கத்து வேப்பமரம்தான் எல்லை. நான் கையை உயர்த்தி, வாய் பழக்கத்தில், "துவக்கட்டோ?" என்று கேட்டேன். அதிகாரியின் கை இடுப்புக்குப் போனது. அதற்குள் நான் விசையை அமத்திவிட்டேன்.

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று அதில் இருப்பது எனக்குத் தெரியாது. தம்பி பரீட்சித்துப் பார்த்தபோது உச்சத்தில் விட்டிருந்தான். வேம்பில் இருந்த காகங்கள் முழுவதும் எழும்பின. தெருவில் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு மதிலோடு ஒட்டிக்கொண்டார். என் கணவரைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் வாங்குக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தார், இரண்டு கையும் காதில். அவருடைய உடம்புக்குப் பழைய பழக்கம் இன்னும் மறக்கவில்லை. அதைக் கண்டு நான் சிரித்தேன், பிறகு கண்ணைத் துடைத்தேன்.

கொன்ஸ்தாபிள்கள் இருவரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். யார் முந்தியது என்று வேம்படியில் சண்டையும் பிடித்தார்கள். அதிகாரி பிஸ்டலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானும் படிக்கிற காலத்தில் ஓடியவர் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், இன்னொரு தரம். நான் அடிக்கிறன்" என்றார்.

பெட்டியோடு வெளியே வந்தேன். ஒரேயொரு நிபந்தனை: நாளைக்கு அவரும் வந்து பார்ப்பார்.

வந்தார். பிரதம விருந்தினருக்குப் பக்கத்தில் கதிரை போட்டோம். சத்தத்தைக் குறைத்து, வெளிச்சத்தைச் சரிபார்த்து, கட்டைகளில் வயரைப் பொருத்தினேன். கீர்த்தனா காதுக் கருவியைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். மற்றவர்கள் பாதையைப் பார்த்தார்கள், அவள் என் கையைப் பார்த்தாள். அப்படியொரு பார்வை. இமைக்கவே இல்லை. நான் கையை உயர்த்தினேன்.

வெளிச்சம் அடிக்கவில்லை. நான் இன்னும் அமத்தவில்லை. கை அசைந்ததுமே கீர்த்தனா பறந்துவிட்டாள்.

கருவி கீச்சென்று கத்தியது. விதி தெரிந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நான் கத்தினேன், விசில் ஊதினேன், விசையையும் அமத்தினேன். உலகத்தில் எந்தச் சத்தத்தாலும் அவளைத் திருப்பிக் கூப்பிட முடியாது. பாதை முழுவதும் தனியே ஓடி, நாடாவை நெஞ்சால் அறுத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். சனம் முதலில் சிரித்தது, பிறகு கைதட்டியது. சட்டப்படி அவள் போட்டியிலிருந்து நீக்கம். அவளுக்காகப் பொலிஸ் நிலையத்தில் குந்தியிருந்து மீட்டு வந்த கருவியே அவளைப் பிடித்துக்கொடுத்துவிட்டது.

கணவர் பெட்டியின் மூடியைத் திறந்து பிடித்தார். "சரி, வையும். அந்த ஆள் போகேக்கை குடுத்து விடுவம்" என்றார் தணிந்த குரலில். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அனுப்பிவிடலாமோ என்று நினைத்தேன்.

கீர்த்தனா மூச்சு வாங்க ஓடிவந்தாள். நடந்ததை வாயசைத்தும் கைகாட்டியும் சொன்னேன். நீ முந்திவிட்டாய், நீக்கிவிட்டார்கள் என்றேன். அழப்போகிறாள் என்று கண் துடைக்க லேஞ்சியைக்கூட எடுத்துவிட்டேன். அவள் முகம் முழுவதும் சிரிப்பு.

"நான் முந்தியோ ரீச்சர்? எல்லாரையும் விட முந்தியோ?" என்று அந்த மைதானத்துக்கே கேட்கக் கத்தினாள். "முன்னுக்கு ஒருத்தரும் இல்லை ரீச்சர்! அதுதான் வடிவா ஓடிப்போட்டன்! அடுத்த முறையும் இதாலைதான் அடிக்க வேணும்!"

கணவர் வெறும் பெட்டியின் மூடியைச் சாத்தினார். அன்று இரவு தம்பிக்கு, சாமான் இங்கேதான் நிற்கும் என்று சொன்னேன். (சாமான் என்றே சொன்னேன். பட்டது காணும்.)

இப்போது எங்கள் வீட்டில் யாராவது எதையாவது முந்திச் செய்தால், சோறு வடிக்க முன் கணவர் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்து இருந்தால், "கீர்த்தனா விட்டிட்டீங்கள்" என்றுதான் சொல்வது. பாடசாலையிலும் இந்தப் பேச்சு பரவிவிட்டது. அவளுக்குத் தெரியவந்தால் கோபிப்பாளோ என்று பயந்து, நானே ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னேன். என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான் சொல்லி முடிக்க முன்னமே சிரித்துவிட்டாள்.