அழுவுற பெட்டியும் சிரிக்கிற பெட்டியும்

பாண்டிச்சேரியில ஓட்டு கேட்டு ஜெயிச்சவங்க, தோத்தவங்க, டெபாசிட்ட உட்டவங்க, அத்தன பேருக்கும் கைய எந்த ஒசரத்துல வெச்சி கும்பிடணும்னு சொல்லிக் குடுத்தது ஒரே ஒரு ஆளுதான். அவன் மட்டும் இல்லன்னா இந்த ஊர்ல பாதி தலைவருங்களுக்கு கும்பிடவே தெரிஞ்சிருக்காது. மீதிப் பாதி கும்பிடறதப் பாத்து ஜனங்க பயந்து ஓடியிருப்பாங்க.

அவன் பேரு கும்பிடு. அப்பா அம்மா வெச்ச பேரு என்னான்னு யாருக்கும் தெரியாது, கேட்டதும் கெடையாது. வைத்திக்குப்பம் போற வழியில டீக்கடைக்கு ஒட்டுனாப்ல ஒரு ரூம்பு. உள்ள ஒரு கம்ப்யூட்டரு, ஒரு கேமரா, செவுத்துல ஒரு பச்சத் துணி. அந்தத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சி படம் புடிப்பான். அப்புறம் துணிய எடுத்துட்டு பின்னாடி கடல வெப்பான், சூரியன வெப்பான், ஆயிரம் பேரு கூட்டத்த வெப்பான். அந்தக் கூட்டத்த உத்துப் பாத்தா முன்வரிசையில நிக்கற ஆளே எட்டாவது வரிசையிலயும் நிப்பாரு.

நான் மில்லுல வேல செஞ்சவன். மில்லு மூடுனப்புறம் கொஞ்ச நாள் காய்கறி வண்டி, கொஞ்ச நாள் வாச்மேன், இப்ப டீக்கடை பெஞ்சியில குந்தறதுதான் வேல. படிப்பு கெடையாது. போஸ்டர்ல எழுத்து தெரியாதவனுக்கு படம்தானே எல்லாம்? அதனால கும்பிடு என்னான்னா, எந்தப் படம் செஞ்சாலும் மொதல்ல என்கிட்டத்தான் காட்டுவான்.

"அண்ணே, கைய நாடிக்கு நேரா வெச்சா கெஞ்சறாப்ல இருக்கு. வயித்துக்கு நேரா வெச்சா கோரிமேட்டு ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நிக்கற வயித்துவலிக்காரன் மாதிரி இருக்கு. நெஞ்சுல, ரெண்டாவது பட்டனுக்கும் மூணாவது பட்டனுக்கும் நடுவுல, அங்கதான் ஓட்டு இருக்கு"ம்பான்.

ஒரு வேட்பாளர அர மணி நேரம் அப்படியே நிக்க வெச்சிட்டான். கை மரத்துப் போச்சு, எறங்கல. கும்பிட்டபடியேதான் காருல ஏறி வீட்டுக்குப் போனாரு. வழியில பாத்த ஜனமெல்லாம் "ஆஹா, என்னா மரியாத"ன்னு சொல்லிச்சி. அந்த தடவ ஜெயிச்சிட்டாரு. அதுலேருந்து கும்பிடுக்கு தலகால் புரியல.

இன்னொருத்தர மீன்காரங்க ஓட்டுக்காக வைத்திக்குப்பம் கரைக்கு இட்டுட்டுப் போயி வலையப் புடிச்சி இழுக்கச் சொன்னான். புது வெள்ள வேட்டி. மீன் வித்துக்கிட்டிருந்த அம்மா ஒண்ணு கூவிச்சி: "தே, வலையப் புடிக்கறியா, வேட்டியப் புடிக்கறியா? ரெண்டுல ஒண்ணு போயிடும் பாத்துக்க!" ரெண்டுமே போச்சு.

கண்ணுக்கு ஒரு கணக்கு வெச்சிருந்தான். போஸ்டர்ல இருக்கற ஏழ தலைவரப் பாக்கணும், தலைவரு வானத்தப் பாக்கணும்.

"வானத்துல என்னாடா இருக்கு?"

"எதிர்காலம், அண்ணே."

"எனக்குத் தெரிஞ்சி காக்காதான் இருக்கு."

எங்க தெருவுல ஒரு சொல்தா இருக்காரு. பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு இப்ப அங்கத்து பென்ஷன் வாங்கறவரு. பிரான்ஸு தேர்தலுக்கும் இங்கேருந்தே ஓட்டு போடுவாரு. கும்பிடு அவரப் புடிச்சிக்கிட்டு, "மூசே, அங்க போஸ்டர்ல எப்படி கும்பிடுவாங்க?"ன்னு கேட்டான்.

"கும்பிட மாட்டாங்கப்பா. சும்மா நேரா பாப்பாங்க."

"கும்பிடாம பாத்தா ஓட்டு எப்படி வுழும்? அது ரேஷன் கார்டு படமாச்சே!" அன்னிக்கு பூரா அவனுக்கு டீ எறங்கல. "படம்னா எதையாவது கேக்கணும் அண்ணே. ஒண்ணும் கேக்காத படம் செத்த படம்"னு பொலம்பிக்கினே இருந்தான்.

எங்கயோ போயிட்டேன். நான் சொல்ல வந்தது என் மூஞ்சி கத.

ஒரு நாள் டீ குடிச்சிக்கினு இருக்கேன், கும்பிடு என்னையே உத்துப் பாக்கறான். "அண்ணே, உங்க மூஞ்சியில சூப்பரா ஒரு ஏழ்மை இருக்குது."

எனக்கு சுர்ருன்னுச்சி. "டேய், காலையில வந்துட்டான் பாரு."

"கோச்சிக்காதீங்க. இந்த மீச, இந்த நாலு நாள் தாடி, யாருக்கு வரும்? எல்லாக் கட்சிக்காரனும் இதத்தான் தேடறான்."

பச்சத் துணிக்கு முன்னாடி நிக்க வெச்சிட்டான். அழுவச் சொன்னான். வரல. "மில்லு சங்கு ஊதுமே அண்ணே, அத நெனைங்க"ன்னான். நெனச்சேன். காலையில அந்த சங்கு, சைக்கிளு கூட்டம், மூடுன அன்னிக்கு கேட்டுல நாங்க நின்னது... பொலபொலன்னு வந்துடுச்சி. நிமிந்து பாக்கறேன், கும்பிடு கேமராவ கீழ வெச்சிட்டு மூக்க சிந்திக்கினு இருக்கான். படமே புடிக்கல! அவங்கப்பாவும் மில்லுதானாம். அப்புறம் வெயிலப் பாக்க வெச்சி, கண்ணு கூசி தண்ணி வந்ததும் புடிச்சான். அந்தக் கூத்துல ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சி. அதையும் ஒண்ணு புடிச்சி வெச்சான்.

இங்கதான் வந்தது வென. கும்பிடு கம்ப்யூட்டர்ல ரெண்டு பெட்டி வெச்சிருந்தான். அழுவுற மூஞ்சிக்கு ஒண்ணு, சிரிக்கிற மூஞ்சிக்கு ஒண்ணு. ஆள் வாரியா கெடையாது. தேர்தல் அவசரத்துல ஒரு கட்சி வந்து, "இந்த ஆட்சியில வயித்தெரிச்சல் படற பெரியவர் ஒண்ணு குடு"ன்னுச்சி. எதிர்க்கட்சி வந்து, "இந்த ஆட்சியில சந்தோஷமா இருக்கற பெரியவர் குடு"... இல்ல, மாத்தி சொல்றேன். ஆளுங்கட்சிதான் சந்தோஷம் கேட்டுச்சி, எதிர்க்கட்சிதான் வயித்தெரிச்சல். இவன் அந்தப் பெட்டியில ஒண்ணு, இந்தப் பெட்டியில ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டான். ரெண்டும் நான்.

மொதல்ல கண்டுபுடிச்சது எங்க வூட்டுக்காரி. மீன் வாங்கப் போனவ கூடையோட ஓடியாந்தா. "ஏங்க, ஒரு பிரச்சார வண்டியில நீங்க அழுவுறீங்க, இன்னொரு வண்டியில சிரிக்கிறீங்க. எது நெசம்?"

"நான்தான்னு எப்படிச் சொல்ற?"

"சட்டையில நான் பச்ச நூலு போட்டுத் தெச்ச பட்டன் எனக்குத் தெரியாதா?"

கும்பிடுகிட்ட போயி சொன்னேன். கம்ப்யூட்டரத் தொறந்து பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. "முடிஞ்சேன் அண்ணே. ரெண்டு வண்டியும் ஒரு எடத்துல நின்னா கடையும் போச்சு, என் காலும் போச்சு. இனிமே ஒருத்தனும் என்கிட்ட வந்து கும்பிட மாட்டான்."

அதுலேருந்து அவனுக்கு அதே வேல. ஃபோன காதுலேருந்து எடுக்கல. "அழுவுறது லாஸ்பேட்டையில போவுது, சிரிக்கிறது கோரிமேட்டுல நிக்கிது, இன்னிக்குத் தப்பிச்சோம்"னு வந்து சொல்லுவான். பாவம், எளச்சிட்டான்.

பிரச்சாரம் முடியற அன்னிக்கு ஓடியாந்தான். "அண்ணே, ரெண்டும் உங்க தெருவுக்குத்தான் வருது. படத்த வேற வேற ஆளுன்னு சொல்லி சமாளிச்சிடுவேன். படத்துக்குப் பக்கத்துல நீங்க நின்னாதான் மாட்டிப்பேன். உள்ள போயி கதவ சாத்திக்குங்க."

"ஒவ்வொரு வூட்டு கதவாத் தட்டிக்கினு வர்றாங்க. எங்கடா ஒளியறது?"

எங்க வூட்டுக்காரி என் மூஞ்சியப் பாத்தா, அவன் மூஞ்சியப் பாத்தா. "சலூனுக்குப் போங்க"ன்னா.

கல்யாணத்தன்னிக்கு வெச்ச மீச அது. மில்லு போனப்பக்கூட மீச போவல. சலூன்காரரு கத்தி வெச்சாரு, ரெண்டு இழுப்பு, போச்சு. தாடியும் போச்சு. தலைக்கு மை அடிச்சாரு. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த சட்டையப் போட்டுக்கினு வந்தேன். எங்க வூட்டுக்காரி முந்தானையில வாயப் பொத்திக்கினு உள்ள ஓடிட்டா.

ரெண்டு வண்டியும் தெரு முனையில மூக்கும் மூக்கும் இடிக்கறாப்ல வந்து நின்னுச்சி. ஒண்ணுல அழுவுறேன், ஒண்ணுல சிரிக்கிறேன், நடுவுல மொழுமொழுன்னு நிக்கறேன். கும்பிடு டீக்கடை தூண கட்டிப் புடிச்சிக்கினு இருக்கான். சிரிக்கிற வண்டியிலேருந்து எறங்குன வேட்பாளரு நேரா என்கிட்ட வந்து, ரெண்டாவது பட்டனுக்கும் மூணாவது பட்டனுக்கும் நடுவுல கைய வெச்சி, "தம்பி, ஓட்ட நமக்குப் போட்டுடுப்பா"ன்னாரு. எனக்கு அவர விட இருவது வயசு கூட.

அப்பதான் அவரு கூட வந்த ஒரு ஆளு ரெண்டு வண்டியயும் மாத்தி மாத்திப் பாத்தான். "இன்னாபா, அந்தக் கெழவனும் இந்தக் கெழவனும் ஒரே ஆளு மாதிரி இல்ல?"

நான் மெல்ல மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினேன்.

பக்கத்துல இருந்தவன் திரும்பிக்கூடப் பாக்கல. "ஏழைங்க எல்லாம் அப்படித்தான்டா இருப்பானுங்க. வா, அடுத்த வூட்டப் பாப்போம்."

போயிட்டாங்க. கடை தப்பிச்சுது, காலும் தப்பிச்சுது. கும்பிடு வந்து என்னக் கட்டிக்குவான்னு பாத்தேன். அந்தப் பேச்சு அவன் காதுலயும் வுழுந்திருக்கும்போல, தூண வுடவே இல்ல. அப்புறம் ரூம்புக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டான்.

மறுநாளு டீக்கடைக்கு வந்தான். என் மேலுதட்டத் தொட்டுப் பாத்தான். "எத்தினி நாள்ல வளரும்?"

"ஏன், அடுத்த தேர்தலுக்கா?"

தெனம் வந்து பாப்பான். "இன்னும் கொஞ்சம்"பான், போயிடுவான். பூ கட்டறவ மொட்டு பாக்கற மாதிரி ஒரு மாசத்துக்கு மேல என் மீசையப் பாத்தான். ஓட்டு எண்ணி, யாரோ ஜெயிச்சி, மால போட்டு, எல்லாம் முடிஞ்சி போச்சு.

ஒரு நாள் வந்து தடவிட்டு, "வாங்க"ன்னான். பச்சத் துணி முன்னாடி நின்னேன். பழக்க தோஷம், கை தானா நெஞ்சுக்குப் போச்சு.

"கைய எறக்குங்க."

"அழுவட்டுமா, சிரிக்கட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். சும்மா நேரா பாருங்க. இந்தப் படம் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல."

எடுத்தான். கம்ப்யூட்டர்ல அழுவுற பெட்டியில வெக்கல, சிரிக்கிற பெட்டியிலயும் வெக்கல. புதுசா ஒரு பெட்டி தொறந்தான். அது மேல ஏதோ எழுதப் போயி நின்னுட்டான். திரும்பி என்னப் பாத்தான்.

"அண்ணே, உங்க பேரு என்னா?"

பத்து வருஷமா ஒரே பெஞ்சியில டீ குடிக்கறோம். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாத் தட்டுனான். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா அதுல இருக்கறது நான்தான்னு தெரிஞ்சுது. வெளிய வந்தப்புறம்தான் ஒறைச்சுது, அவன் பேர நான் கேக்கவே இல்ல. நாளைக்குக் கேக்கணும்.