இத்தாலி வண்டிக்காரரும் கறுப்பு ஒயரும்

மனிதர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள், ஓட்டத் தெரியாதவர்கள் என்று இரண்டே வகைதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்க வேண்டும், மூன்றாவதாகவும் ஒரு வகை இருக்கிறது: வண்டி வைத்திருக்கிறவர்கள். அதிலும் அரிய உட்பிரிவு ஒன்று உண்டு. பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர். இவரை அடையாளம் காண்பது சுலபம். பஸ்ஸில் வருவார்.

மற்றவர்களிடம் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ஓடுது" என்பார்கள். விஷயம் முடிந்தது. இவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் வானத்தைப் பார்ப்பார். நேற்றைய மழை, காற்றில் ஈரம், இந்தப் பக்கத்துப் பெட்ரோலின் யோக்கியதை, இடது கார்புரேட்டருக்கும் வலது கார்புரேட்டருக்கும் இடையில் சில காலமாக இருந்துவரும் மனஸ்தாபம், அதை இவர் இரண்டு பக்கமும் பேசித் தீர்த்துவைத்த விதம் என்று ஒன்று விடாமல் சொல்லி, உங்கள் டீ ஆறிப் போன பிறகு, "இன்னும் ஒரே ஒரு சின்ன வேலைதான் பாக்கி" என்று முடிப்பார். அந்த ஒரே ஒரு சின்ன வேலை அவருடைய கல்யாணத்துக்கு முன்பே பாக்கி இருந்தது.

வண்டி அவர் வீட்டு ஷெட்டில் நிற்காது. கூடத்தில் நிற்கும். சோபா ஷெட்டில் இருக்கும். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டுகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு இருக்கும். ஆறு தட்டு கொண்ட செட்டில் ஐந்துதான் இருக்கிறது என்று மனைவி தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். ஃபிரிட்ஜில் வெண்ணெய் வைக்கும் இடத்தில் ரப்பர் வளையங்கள் இருக்கும். வெண்ணெய் வெளியே இருக்கும். இத்தாலியிலிருந்து தபாலில் ஒரு கேஸ்கெட் வந்தால், மெத்தையில் வெள்ளைத் துணி விரித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சம்பந்தி வீட்டு நகையைப் பிரிப்பது போலப் பிரிப்பார். பிரித்ததும் முகம் வாடும். அது அடுத்த வருஷத்து மாடலுக்கானது.

இந்த இனத்துக்கு ஒரு மந்திரம் உண்டு. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது கிளட்ச் பக்கத்திலிருந்து, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற்போல ஒரு சத்தம் வரும். "உள்ளே ஏதோ கழண்டு கிடக்கு சார்" என்று பதறுவீர்கள். "அது அப்படித்தான்" என்பார். வண்டி நின்றிருக்கும்போதே வேகமானி முள் எண்பதைக் காட்டும். அது அப்படித்தான். கியரில் இல்லை என்று சொல்ல வேண்டிய பச்சை விளக்கு, கியரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏன், சாவி அலமாரியில் இருந்தாலும் எரியும். அது அப்படித்தான். மனிதர்கள்மீது இவருக்கு இந்தப் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் மைத்துனர் இன்னும் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருப்பார்.

மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்கிறீர்களா? கொடுத்தார், ஒருமுறை. கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்து இவர் கையில் வைத்துவிட்டு, "சார், நீங்க பாருங்க. நான் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவரே டாக்டர், இவரே நர்ஸ். நீள ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடி, உள்ளே எந்த வால்வு மூச்சு வாங்குகிறது என்று கேட்பார். தன் நெஞ்சுக்குள் கேட்ட சத்தத்துக்கு மட்டும் யாரையும் காது வைக்க விடவில்லை.

ஆமாம். இந்த இனத்தில் ஒருவர் சமீபத்தில் காலமானார். அவர் விட்டுச்சென்றவை: ஒரு மனைவி, ஒரு மகள், கூடத்தில் ஒரு வண்டி.

மகள் ரசாயன ஆலை ஒன்றில் பொறியாளர். அழுத்தமானிகள், வெப்பமானிகள் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருந்தது. பழுது என்றால் காரணம் இருக்கும். காரணம் என்றால் ஆதாரம் இருக்கும். ஆதாரம் கிடைத்தால் சரிசெய்து கையெழுத்துப் போடலாம். இந்த வரிசையில் அழுகைக்கு எங்கே இடம் என்று தெரியாததால் அவள் இன்னும் அழவில்லை. பதிலாக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அம்மா அவளோடு வந்துவிடுவதாக ஏற்பாடு. மகளின் வீடு ஐந்தாவது மாடியில். லிஃப்டில் வண்டி ஏறாது.

"சாய்ச்சு வச்சா ஏறுமோ?" என்றாள் அம்மா.

"அம்மா!"

"இல்லடி, சும்மா கேட்டேன். எனக்கென்ன. தலைமுழுகினா சரி."

மறுநாள் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். வண்டிக்கு இரண்டு பேர் வருவதாக இருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். "ஓடுச்சுன்னா எடுத்துக்கறேன். ஓடாத வண்டி எங்கிட்டயே ரெண்டு இருக்கு" என்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். இன்னொருவர் பழைய இரும்புக்காரர். அவருக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. உடைக்கச் சுத்தியல் இருந்தால் போதும். டாக்டர் காலையில் வருவார், இரும்புக்காரர் மத்தியானம் வருவார். இரண்டுக்கும் நடுவில் வண்டி ஓட வேண்டும்.

மகள் வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். புது பாட்டரி போட்டாள். உதைத்தாள். உதைத்தாள். மறுபடி உதைத்தாள். பெட்ரோல் வருகிறது, எஞ்சினில் அழுத்தம் இருக்கிறது, பிளக்கில் பொறி இல்லை. நல்லது, மின்சாரக் கோளாறு, தன் இலாகா. சந்தோஷமாக டேங்கைத் தூக்கினாள்.

உள்ளே இருந்த ஒயர் எல்லாமே கறுப்பு.

ஒயர்களுக்கு ஏன் பல நிறம் வைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எது எங்கே போகிறது என்று அடுத்தவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இந்த வண்டியில் முகப்பு விளக்குக்குப் போவதும் கறுப்பு, பாட்டரியிலிருந்து வருவதும் கறுப்பு, எங்கிருந்தோ புறப்பட்டு எங்குமே போகாமல் டேப் சுற்றிக்கொண்டு தூங்குவதும் கறுப்பு. கறுப்பு நூடுல்ஸ்.

"அம்மா! என்னம்மா இது?"

சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது. அம்மா பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். "பழைய ஒயர்லாம் இத்துப் போச்சுன்னு கடைக்குப் போனார். பெரிய சுருளா ஒண்ணு தூக்கிட்டு வந்தார். எல்லாம் ஒரே கலரா இருக்கே, எது எதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'அதான் நான் இருக்கேன்ல'ன்னார்."

ஜன்னலில் மறுபடியும் பேப்பர் கசங்கும் சத்தம் கேட்டது.

மகள் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வோர் ஒயராகப் பிடிக்க ஆரம்பித்தாள். ஒரு முனையில் ஊசி, மறு முனையைத் தேடி இன்னோர் ஊசி, சரியானது மாட்டினால் 'பீப்'. இதற்குள் டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையில் ஹெல்மெட். பார்த்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும், இனம் இனத்தோடு சேரும். ஒயர்களைப் பார்த்தவர் அதிர்ச்சியடையவில்லை. மரியாதையாக ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"ஒரே கையா போட்டது. அதான் அழகு" என்றார்.

"பொறி வரலை டாக்டர்."

"வராதுங்க. புது ஆளுக்கு உடனே வராது. பழகணும்."

மகள் பல்லைக் கடித்தாள். பல் டாக்டர் முன்னால் அதைக்கூட நிம்மதியாகச் செய்ய முடியவில்லை.

"ஏன்டி, ஹாரன் அடிச்சியா?" என்றது ஜன்னல்.

"ஹாரனுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும். வண்டி ஓடற நாள்ல, கிளம்பறப்போ உங்கப்பா அடிப்பார்ல. நான் வாசலுக்கு வந்து நிக்கணும். வரலைன்னா வர்ற வரைக்கும் அடிப்பார். அடுப்புல பால் பொங்கினா என்ன, தெருவே சிரிச்சா என்ன. பொண்டாட்டி முகத்தைப் பாக்காம துரைக்கு வண்டி ஏற முடியாது." சலிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சலிப்பைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள்.

மகள் ஹாரன் ஒயரைப் பிடித்துக்கொண்டு போனாள். டேங்குக்கு அடியில் ஒரு ரிலே இருந்தது. பொறிக்குப் போகிற மின்சாரத்துக்குக் கதவு திறந்துவிடுகிற சின்ன டப்பா. அதன் ஒரு முனை வண்டியின் சட்டத்தில் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. ஹாரன் பொத்தானுக்குப் போயிருந்தது. கறுப்பைக் கறுப்போடு இணைத்ததில் நேர்ந்த தவறு. ஹாரனை அழுத்தினால்தான் கதவு திறக்கும், பொறி வரும். திறந்த கதவு ஒட்டிக்கொள்ளும், டப்பாவுக்கும் வயதாகிவிட்டது. சாவியைத் திருப்பினாலும் விடாது, சீட்டில் ஒரு தட்டுத் தட்டினால்தான் விடும். அப்பா இறங்கியதும் குதிரையைத் தட்டுவது போலச் சீட்டைத் தட்டுவாரே, அதுவும் இதற்குத்தான்.

காரணம் கிடைத்தது. ஆதாரம் கையில் இருந்தது. அம்மா இத்தனை காலம் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றது ஓர் இணைப்புக் கோளாறுக்காக.

ஐந்து நிமிஷ வேலை. வெட்டிச் சட்டத்தில் இணைத்தால் எந்தப் பல் டாக்டரும் ஹாரன் இல்லாமல் கிளம்பலாம். ஆனால் அம்மா ஜன்னலில் இருக்கிறாள். ஹாரன் இல்லாமல் வண்டி கிளம்பினால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் மகளுக்குப் பொய் வராது. பழுது விஷயத்தில் அவள் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை.

வெட்டுக் குறட்டை எடுத்து இணைப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்புறம்தான் பார்த்தாள்.

வண்டியில் மற்ற இணைப்பெல்லாம் முறுக்கி டேப் சுற்றியது. சோம்பேறித்தனமாக, பாதி பிரிந்து தொங்கியது. இந்தத் தவறான இணைப்பு மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டு, அதிர்வில் விட்டுப்போகாதபடி இரண்டு இடத்தில் கட்டியிருந்தது. உறை புதிது. ஈயத்தில் பளபளப்புகூடப் போகவில்லை. வண்டியிலேயே ஒழுங்கான இணைப்பு அது ஒன்றுதான்.

பழுது தெரிந்திருக்கிறது. தெரிந்து, அதைப் பராமரித்திருக்கிறார்.

"என்னங்க, மாட்டிச்சா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர். எல்லாம் சரியாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மகள் குறட்டைப் பெட்டியில் போட்டாள்.

டேங்கை மாட்டினாள். ஹாரன் பொத்தானில் கட்டைவிரலை வைத்தாள். சளி பிடித்த வாத்து மாதிரி ஒரு சத்தம் தெருவை நிறைத்தது. உதைத்தாள். வரவில்லை. மறுபடி ஹாரன், மறுபடி உதை. இருமியது. உள்ளே பேப்பர் சுற்றிக்கொண்டிருந்த அம்மா, யாரும் கூப்பிடாமல், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்து வாசற்படியில் நின்றாள். மூன்றாவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. தகர டப்பா ஆணிகளெல்லாம் குலுங்கின. பச்சை விளக்கு எரிந்தது. முள் எண்பதைக் காட்டியது.

அம்மா வந்தது வந்துவிட்டாள், அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் தன் பழக்கத்துக்குச் சொல்லிவிட்டது:

"பாத்துப் போங்க. சீக்கிரம் வாங்க."

கண்ணெதிரே இருந்த ஆண்பிள்ளை டாக்டர் ஒருவர்தான். அவர் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்தார். "வந்துடறேம்மா" என்றார்.

மகள் சாவியைத் திருப்பிச் சீட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். வண்டி நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. நன்றாக, சத்தமாக, மூக்கெல்லாம் ஒழுக வந்தது. அம்மா படியிலிருந்து இறங்கி வந்து முந்தானையால் அவள் முகத்தையும் தன் முகத்தையும் துடைக்க, முந்தானையில் இருந்த பாத்திரக் கரியும் மகள் கன்னத்திலிருந்த எண்ணெயும் சேர்ந்து இரண்டு பேருக்கும் மீசை வரைந்தன. வண்டியைப் பிரிய முடியாமல்தான் அழுகிறார்கள் என்று டாக்டர் புரிந்துகொண்டார். அவருக்கு அது இயற்கையாகவே பட்டது.

அழுகை அடங்கும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஹாரன் அடிக்காம எடுக்காதுங்களா?"

"எடுக்காது" என்றாள் மகள். தன் தொழிலில் தான் போட்ட அத்தனை கையெழுத்துகளையும் ஒரு கணம் நினைத்துக்கொண்டாள். "அடிக்கணும். வீட்டுல இருக்கறவங்க வாசல்ல வந்து நிக்கணும். அப்பதான் எடுக்கும்."

நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆழ்ந்து யோசித்தார்.

"குளிர்காலத்துலயும் ஒரு ஆள் போதுமா?"

"போதும்."

"என் மிஸ்ஸஸ் வரணுமே..." என்று கவலைப்பட்டார்.

"வரலைன்னா வர்ற வரைக்கும் அடிங்க தம்பி" என்றாள் அம்மா.

டாக்டர் ஓரமாகப் போய்ப் போனை எடுத்தார். "நான்தான். ஆமா, ஓடுது. இல்ல இல்ல, இது வேற மாதிரி. அதை விடு, தினம் காலைல நான் கிளம்பற நேரத்துல உனக்கு என்ன வேலை இருக்கும்?" அதே கேள்வியை அவர் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவேண்டி வந்தது. இப்படியொரு கேள்வியை அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லையோ என்னவோ.

மத்தியானம் வந்த இரும்புக்காரருக்கு எண்ணெய்த் தட்டு மட்டும்தான் மிச்சமிருந்தது. அதையும் அம்மா கொடுக்கவில்லை. செட்டில் சேர்த்துவிட்டாள்.

போதும், சிரித்தாயிற்று. நல்லவேளை, நம் வீட்டுக் கூடத்தில் மோட்டார் சைக்கிள் இல்லை என்று காலை நீட்டிக்கொள்கிறீர்கள். சரி, உங்கள் குளியலறைக் கதவை ஒருமுறை மூடுங்கள். மூடாது, இல்லையா? லேசாகத் தூக்கிப் பிடித்து, இடது தோளால் ஓர் இடி கொடுக்க வேண்டும். வந்த விருந்தாளிக்கு அந்த இடியைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே? உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அவர் இன்று இந்த வீட்டில் இருக்கிறாரா?

ஒரு கீலை மாற்றினால் தீர்ந்தது. தச்சர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். கூப்பிடுங்கள் பார்ப்போம்.