பூட்டுக்காரரின் டிசம்பர் வானம்

டிசம்பர் மாதம் முப்பத்தொரு நாளும் தன் மனைவியை மொட்டைமாடிப் பக்கம் தலைகாட்ட விடுவதில்லை என்று பூட்டுக்காரர் முடிவு கட்டினார். சாதாரண முடிவு இல்லை. பல் தேய்த்துக்கொண்டே எடுத்த முடிவு. நுரையைத் துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து, "நானா அவளா, ஒரு கை பாத்துடறேன்" என்றார். கண்ணாடியில் இருந்தவனும் அதையே சொன்னான். அவனையும் அவர் முழுசாக நம்பவில்லை.

நாற்பது வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னால், எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் நீட்டுவார். வாசல் கதவுக்கு மூன்று பூட்டு. சர்க்கரை டப்பாவுக்கு ஒன்று. குடைக்குக்கூட ஒன்று போட்டிருந்தார். மழை வந்த அன்று சாவி கிடைக்காமல் குடையைக் கையில் பிடித்துக்கொண்டே நனைந்து வந்தார்.

ஆனால் உலகத்திலேயே கெட்டியான பூட்டு அவர் வீட்டுப் பின்னறையில் தொங்கியது. அவரே செய்தது. அந்த அறைக்குள், ஒரு பெரிய இரும்புப் பெட்டியிலும் அதைச் சுற்றியும் குவிந்து கிடந்ததெல்லாம் மூன்று வகை. சாவி இல்லாத பூட்டு. பூட்டு இல்லாத சாவி. இரண்டும் இருந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத ஜோடி. இந்த மூன்றாவது வகையைப் பற்றி அவர் மனைவிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு.

அந்த அம்மாள் தையல்வேலை செய்பவள். மிஷின் இருந்தது சமையல்கட்டில், அடுப்புக்கு அரை முழம் தள்ளி. சட்டைக் காலரில் எண்ணெய்க் கறை, சோற்றில் நூல். பின்னறையைக் கொடுங்கள் என்று ஆறு வருஷமாகக் கேட்டுவிட்டாள். இந்தத் தடவை அவசரம். ஒரு ஆஸ்பத்திரிக்கு நானூறு திரைச்சீலை தைக்க வேண்டும். ஆறு மிஷின் போட்டு ஜனவரி முதல் தேதி வேலையைத் தொடங்கினால் ஆர்டர் அவளுக்கு. இடமில்லை என்றால் வேறு யாருக்கோ.

"அது அறை இல்ல. என்னோட ஆயுசு" என்று சொல்லிவிட்டார் பூட்டுக்காரர்.

"சரிங்க" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தையில் அவருக்குத் தூக்கம் போயிற்று. கத்தியிருந்தால் தூங்கியிருப்பார். பாத்திரத்தைப் போட்டு உடைத்திருந்தால் குறட்டையே விட்டிருப்பார். சரிங்க! கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத வார்த்தை.

மறுநாளே அவளுடைய அளவு நோட்டில் அந்தக் காகிதம் அகப்பட்டது. 'நான்காம் தேதி, மாலை 7 மணி, தென்மேற்கு, பிறைக்குப் பக்கத்தில். எட்டாம் தேதி, 7.30, தெற்கு. பதின்மூன்றாம் தேதி, நள்ளிரவுக்கு மேல், விடியும்வரை.' பூட்டுக்காரருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"இது என்ன?"

"வானத்துல இந்த மாசம் என்னென்ன தெரியும்னு நூலகத்துல எழுதிப் போட்டிருந்தாங்க. பாத்து எழுதிட்டு வந்தேன்."

"உனக்கு எதுக்கு வானம்?"

"பாக்கத்தான்."

"இருபத்தாறு வருஷமா பாக்காத வானத்தையா?"

"இருபத்தாறு வருஷமா உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு மாறுதலுக்கு."

பூட்டுக்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். வானம் பார்க்க மொட்டைமாடிக்குப் போக வேண்டும். மொட்டைமாடிக்கும் அடுத்த வீட்டு மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர். அடுத்த வீட்டுக்காரர் தச்சர். அந்தத் தச்சர் போன மாதம் பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைக் காலி பண்ணினா ஆறு மிஷின் தாராளமா போடலாம்" என்று சொன்னவர். ஆறு! எண்ணிக்கைகூடத் தெரிந்து வைத்திருக்கிறார்! ஆகவே இது நட்சத்திரப் பட்டியல் இல்லை. சதித்திட்டத்தின் கால அட்டவணை.

"மாடியில பனி கொட்டுது. நீ போகவேணாம்" என்றார் பாசத்தோடு. "நான் போறேன். பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்றேன். நீ எழுதிக்கோ."

"ஆசைப்பட்டு எழுதி வெச்சது நானு."

"நான் பாத்தா என்ன, நீ பாத்தா என்ன? வானம் ஒண்ணுதானே?"

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். நீளமான, இழுத்து விட்ட பெருமூச்சு. நாடகக்காரனாக இருந்தால் அதில் பாதி நடிப்பு என்று கண்டுபிடித்திருப்பான். பூட்டுக்காரர் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

நான்காம் தேதி மாலை மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஒரு நாற்காலியைத் தலைமேல் வைத்துக்கொண்டு கிளம்பினார். கிளம்புமுன் பின்னறைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். சாவித் துளைக்குள் ஒரு துணுக்குக் காகிதத்தைச் செருகினார். யாராவது சாவி போட்டால் காகிதம் கசங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அசல் சாவி அவர் இடுப்பில்.

மாடியில் தச்சர் பைனாகுலரும் கையுமாக நின்றார். பிடித்தேன், என்று நினைத்துக்கொண்டார் பூட்டுக்காரர்.

"அண்ணே! நீங்களா!"

"ஏன், வேற யாரை எதிர்பாத்தீங்க?"

"வெள்ளியை. அதோ, பிறைக்குப் பக்கத்துல. என்ன பளபளப்பு பாத்தீங்களா?"

"அது ஏரோப்ளேன் லைட்டு."

"அரைமணி நேரமா ஒரே இடத்துல நிக்குதேண்ணே."

"நிக்குதா? அப்ப இன்னும் சந்தேகமா இருக்கு."

வெள்ளி மறையும்வரை அவர் தச்சரையும், தச்சர் வெள்ளியையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே வந்ததும் முதல் வேலையாகப் பூட்டை இழுத்தார். கல் மாதிரி நின்றது. காகிதம் கசங்கவில்லை. மனைவி பென்சிலோடு தயாராக இருந்தாள்.

"வெள்ளி எந்த நிறம்?"

"வெள்ளை. உன் தலையில என்ன ஒட்டடை?"

"மிஷினுக்குப் பின்னால கூட்டினேன். வெள்ளைன்னா வெறும் வெள்ளையா, நீலம் கலந்ததா?"

அது அவருக்குத் தெரியவில்லை. தச்சரையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? "நாளைக்கு நல்லாப் பாத்துட்டு வாங்க" என்றாள். நாளை பட்டியலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் போனார். சந்தேகத்துக்கு விடுமுறை உண்டா?

எட்டாம் தேதி அரை நிலாவுக்குப் பக்கத்தில் சனி. பைனாகுலரைத் தச்சர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே தெருவில் ஆள் அரவம். எட்டிப் பார்த்தார். தன் வீட்டு வாசலிலிருந்து பெண்கள் வரிசையாக வெளியே போகிறார்கள். பத்துப் பேர் இருக்கும். ஆளுக்கொரு துணிப்பை. பை ஒவ்வொன்றும் தரையைத் தொட்டுக்கொண்டு, பையைத் தூக்கியவள் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு.

"யாரும்மா அது?" என்று மேலிருந்தே குரல் கொடுத்தார்.

"ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தோம்ணே! வாங்கிட்டுப் போறோம்!"

"ரவிக்கையா? இவ்வளவு கனமாவா?"

"உள்துணி வெச்சுத் தைச்சதுண்ணே!"

அவருக்குப் பொறி தட்டியது. இறங்கிப் போகலாம் என்று ஒரு காலையும் வைத்துவிட்டார். அப்போது தச்சர், "போய்ட்டு வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். நான் இறங்கினதும் அவள் ஏறுவாள், இதுதானே ஏற்பாடு? வைத்த காலை எடுத்துவிட்டார்.

பத்தாம் தேதி வாக்கில் தச்சர் காதைத் தீட்டிக்கொண்டார். "அண்ணே, உங்க வீட்டுக்குள்ள திருகு கழட்டுற சத்தம் கேக்குது."

"அப்படியா?"

"ஆமாண்ணே. எனக்குத் தெரியாதா, என் தொழிலாச்சே. பழைய திருகு. துருப்பிடிச்சது. போய்ப் பாருங்களேன்."

பூட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தச்சர் ஒரு அடி பின்வாங்கினார். "தம்பி, நான் நாற்பது வருஷமா பூட்டைப் பாத்தவன். என்னை இறக்கிவிடறதுக்கு வேற ஏதாவது நல்ல பொய்யா யோசிச்சு வெய்யுங்க."

தச்சர் பாவம், அதற்குப் பிறகு காதில் விழுந்ததை வாயால் சொல்வதையே விட்டுவிட்டார்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. பூட்டுக்காரர் தன்னையறியாமல் தலையைத் தூக்க ஆரம்பித்துவிட்டார். கிழக்கில் வேட்டைக்காரன் என்கிற நட்சத்திரக் கூட்டம் எழும்பிவர, அவன் இடுப்பில் மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில். "பாருங்க தம்பி, சாவியை இடுப்புலதான் வெச்சிருக்கான். விவரமானவன்" என்றார். உச்சிக்குப் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டம். வெறும் கண்ணுக்கு ஆறு, பைனாகுலரில் எண்ண முடியவில்லை. எண்ண முடியாதது அவருக்குப் பிடிக்கவில்லை. யாரோ ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு போனாலும் தெரியாதே என்று கவலைப்பட்டார். வியாழனைச் சுற்றி நாலு நிலா என்று தச்சர் காட்டினார். மூன்றுதான் தெரிந்தது. "நாலாவது எங்கே?" என்று தச்சரை அதட்டினார்.

பதின்மூன்றாம் தேதி எரிநட்சத்திரம். மனைவி ஒரு கூஜா நிறையக் காப்பி போட்டுக் கொடுத்தாள். இரண்டு கம்பளி கொடுத்தாள்.

"விடியறதுக்கு முன்னாடி இறங்கிடாதீங்க. அப்புறம்தான் நிறைய விழுமாம். ஒவ்வொண்ணா எண்ணிட்டு வாங்க."

முழுநிலாவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அந்த வெளிச்சத்தில் பாதிக்குமேல் கண்ணில் படாது. ஆனாலும் நாற்காலியைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணால் வானத்தையும் ஒரு கண்ணால் தச்சரையும் காவல் காத்தார். இரண்டு மணிக்குள் ஒன்பது எண்ணினார். பத்தாவது ஒரு பச்சைக் கோடு, வானத்தை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கிழித்துக்கொண்டு போனது. அதே நொடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். வீடே ஆடியது. நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது.

"என்னண்ணே அது?" தச்சர் பதறினார்.

"விழுந்துடுச்சு!" என்றார் பூட்டுக்காரர். சந்தோஷத்தில் கம்பளியை உதறிவிட்டு எழுந்தார். "கிட்டத்துலயே விழுந்திருக்கு!"

விடிந்ததும் மூச்சிரைக்க இறங்கி வந்து சொன்னார். மனைவி நோட்டைத் திறந்தாள். அவள் கட்டைவிரலில் புதிதாக ஒரு கட்டு.

"சத்தமே கேட்டுச்சா?"

"என் நெஞ்சே அதிர்ந்துபோச்சு!"

"எந்தப் பக்கம்?"

"நம்ம வீட்டுப் பின்பக்கம்."

"கிட்டதான்" என்று எழுதிக்கொண்டாள். "கையில என்ன கட்டு?" என்று அவர் கேட்டார். "ஊசி" என்றாள். அந்தக் கட்டுக்குள் ஒரு கோணி ஊசியே படுத்துத் தூங்கலாம். பூட்டுக்காரர் நேரே போய்ப் பூட்டை இழுத்தார். அசையவில்லை. காகிதம் போட்டபடியே இருந்தது. பிறகென்ன?

கடைசி வாரம் நிலா இல்லை. கும்மிருட்டு. வடக்கில் உயரே ஆண்ட்ரோமீடா என்கிற விண்மீன் மண்டலம், ஒரு பஞ்சுத் துணுக்கு மாதிரி. அதன் வெளிச்சம் புறப்பட்டு இருபத்தைந்து லட்சம் வருஷம் ஆயிற்று என்றார் தச்சர். "வழியில யாரும் மடக்கலையா?" என்று கேட்டார் பூட்டுக்காரர். ஆனால் அரைமணி நேரம் அதைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மாலை. மாசம் முழுக்க மனைவி ஒரு படிகூட ஏறவில்லை. தச்சர் ஒரு படிகூட இறங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அவர். ஆர்டர் நாளையோடு போய்விடும். அறை பிழைத்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"எழுதிக்கோ. இன்னிக்கு எல்லாமே அதது இடத்துல இருந்துச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாமே. சந்தேகமா இருந்தா நீயே வந்து பாரு" என்று சொல்லி, வெற்றி விழாவாக இடுப்புச் சாவியை எடுத்தார். காகிதத் துணுக்கை விரல் நுனியால் உருவி அவள் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். பூட்டு மெதுவாக, மரியாதையாகத் திறந்தது. கதவை இழுத்தார்.

உள்ளே விளக்கு எரிந்தது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. ஆறு மிஷின். ஆறு மிஷினுக்கும் முன்னால் ஆறு பெண்கள். ஆறு பேரும் ஒரே குரலில், "வாங்கண்ணே" என்றார்கள்.

பூட்டுக்காரர் கையிலிருந்த பூட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பெண்கள் மேலேகூட அவருக்குக் கோபம் வரவில்லை. பூட்டு மேல்தான் வந்தது.

"உள்ள எப்படிப் போனீங்க?"

"கதவு வழியாத்தான்" என்றாள் மனைவி.

"பூட்டு பூட்டினபடியே இருந்துச்சே!"

"உங்க பூட்டை யாரால திறக்க முடியும்? அதை நான் தொடவே இல்ல. நான் இந்தப் பக்கம் வந்தேன்." கதவின் மறு ஓரத்தைக் காட்டினாள். அங்கே மூன்று கீல். "உள்ள கதவு திறக்க இடமில்லைன்னு வெளியே இழுக்கிற மாதிரி மாத்தினது யாரு? நீங்கதானே. கீல் மூணும் வெளிப்பக்கமா வந்துடுச்சு. சாயங்காலம் கழட்டுவேன், நீங்க இறங்கறதுக்குள்ள மாட்டிடுவேன். பூட்டு அது பாட்டுக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"அந்த இரும்புப் பெட்டி? நாலு ஆள் தூக்கணுமே!"

"பத்துப் பேர் தூக்கினோம். பின்பக்கப் படிக்கிட்ட கை நழுவிடுச்சு. நீங்கதான் பதின்மூணாம் தேதி சத்தத்தைக் கேட்டீங்களே."

"என் பூட்டெல்லாம்?"

"பழைய இரும்புக் கடையில. நல்லதா இருந்ததைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்." உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினாள். நாற்பது வருஷச் சேமிப்பில் ஒன்பது பூட்டு தேறியிருந்தது.

பூட்டுக்காரர் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஆறு வருஷமா சொன்னேனே."

இனி இந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது என்று முடிவெடுத்து, ஆறு மிஷினுக்கும் கேட்கிற மாதிரி கதவை ஓங்கிச் சாத்தினார். கதவு 'கிறீச்ச்ச்' என்று இழுத்துக்கொண்டே போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

"மாசம் பூரா கழட்டி மாட்டினதுல கீல் உலர்ந்துபோச்சு" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் கேட்டது. "எண்ணெய் போடறவங்க யாரையாவது தெரியுமாங்க?"

பூட்டுக்காரர் கதவை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து, "மேல்கீலா, கீழ்கீலா?" என்று கேட்டார்.